தூரும் தனியனும்: ஏலமலைக் காடுகளில் குளோன் வளர்ச்சியும் மரபியல் பன்மையும்

ஆய்வுச்சுருக்கம்

நிலத்தடித் தண்டால் பெருகும் தாவரங்களில் கண்ணுக்குத் தெரியும் தண்டுகளின் எண்ணிக்கை வேறு. விதையிலிருந்து தோன்றிய தனி உயிர்களின் எண்ணிக்கை வேறு. இவ்வேறுபாட்டைத் தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையாக அமைந்த ஏலமலைத் தொடரிலும் அதனை அடுத்த மேகமலைக் காடுகளிலும் வளரும் ஏலச்செடியைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கன்று, நாற்று, தூர் ஆகிய தமிழ்ச் சொற்களின் பொருள் எல்லை, மரபியல் பன்மையை அளக்கும் முறை, நோய்ப்பரவல், மகரந்தச் சேர்க்கை ஆகியன இங்கு ஆராயப்படுகின்றன. காட்டு ஏலத்தின் பன்மையைப் புதுப்பிப்பது அரிதாக நிகழும் நாற்றுத் தோற்றமே என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: குளோன் வளர்ச்சி, மரபியல் பன்மை, ஏலம், கம்பம் பள்ளத்தாக்கு, மேகமலை, கட்டே நோய், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

கம்பம் பள்ளத்தாக்கின் சமவெளியிலிருந்து மலைமுகடு வரை ஏறிச் செல்பவர் காணும் பயிர்களுள், நெல்லும் தென்னையும் நீங்கலாக, பெரும்பாலானவை விதையால் வந்தவை அல்ல. பந்தலில் படரும் பன்னீர் திராட்சை தண்டுத் துண்டுகளால் பெருக்கப்படுவது. சின்னமனூர்ப் பகுதியின் வாழை பக்கக்கன்றாலோ திசு வளர்ப்பாலோ நடப்படுவது. மலையேறினால் தேயிலையும் மிளகும் போத்துகளாலும், ஏலம் தூர் பிரித்த கன்றுகளாலும் பெருகுகின்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகையைச் சேர்ந்தது. ஸ்கியாவா கிரோஸா, மஸ்கட் ஆஃப் அலெக்சாந்திரியா ஆகிய இரு திராட்சை வகைகளின் கலப்பில் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றிய ஒற்றை நாற்றின் உடலே இன்று பல நாடுகளில் கொடியாக நிற்கிறது. அவ்வகையில், கம்பத்துப் பந்தல்கள் அனைத்தும் ஒரே செடி எனலாம்.

தோட்டத்தில் இவ்வாறு நிகழ்வது மனிதர் விருப்பத்தால். காட்டில் இதே பெருக்கம் மனிதத் தலையீடின்றியே நிகழ்கிறது. மூங்கில், ஈத்தை, அருகு, காட்டு இஞ்சி வகைகள், ஏலம் ஆகியன விதையாலும் பெருகும். தம் உடலைப் பிரித்தும் பெருகும். இவ்விரு வழிகளுள் எது எவ்வளவு என்பது தெரியாதவரை, ஒரு காட்டில் ஒரு தாவர இனம் நலமாக உள்ளதா என்று சொல்ல இயலாது. ஆயிரம் தண்டுகள் ஆயிரம் உயிர்களாக இருக்கலாம். பத்து உயிர்களாகவும் இருக்கலாம்.

கன்று, நாற்று, தூர்: சொல்லும் பொருளும்

தாவரச் சூழலியலார் இவ்வேறுபாட்டைக் குறிக்க ஜெனெட், ராமெட் என்னும் இரு சொற்களை ஆள்கின்றனர். 1970-களில் ஜான் ஹார்ப்பரும் அவருடன் ஆய்ந்தோரும் இவற்றைப் பரவலாக்கினர். ஒரு விதையிலிருந்து தோன்றி, எத்தனை தண்டுகளாகப் பிரிந்தாலும் ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டிருக்கும் முழு உடல் ஜெனெட். அதன் உறுப்பாகத் தோன்றித் தனித்து வாழும் ஆற்றல் பெற்ற ஒவ்வொரு தண்டும் ராமெட். இக்கட்டுரையில் முன்னது விதைத்தனியன் என்றும் பின்னது கிளைத்தனியன் என்றும் வழங்கப்படுகின்றன.

தமிழ் வழக்கில் இப்பொருளுக்கு நெருங்கிய சொற்கள் உள்ளன. ஆயினும் அவை இந்த எல்லையில் பிரிவதில்லை. தொல்காப்பிய மரபியல், ஓரறிவுயிர்க்குரிய இளமைப்பெயர்களாகப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்பனவற்றை ஏற்று, நெல்லுக்கும் புல்லுக்கும் அவை பொருந்தா என விலக்குகிறது. கன்று என்னும் சொல் அன்றுதொட்டு இளமையைக் குறித்ததேயன்றிப் பிறப்பின் வழியைக் குறிக்கவில்லை. இன்றும் தென்னங்கன்று விதையில் முளைத்தது. வாழைக்கன்று தாய்க்கிழங்கில் வெடித்தது. நாற்று என்பது மட்டும் பெரும்பாலும் விதைவழித் தோன்றலையே சுட்டுகிறது. தூர் என்பது அடிப்புறத்தில் இணைந்து நிற்கும் தண்டுத் தொகுதி. அத்தொகுதி ஒரே விதைத்தனியனாக இருக்கலாம். அருகருகே முளைத்துப் பின்னிய இரு விதைத்தனியன்களாகவும் இருக்கலாம். அவ்விலக்கண நூலின் இறுதி இயலுக்குரிய பெயரே இன்று ஓர் அறிவியல் துறையின் பெயராக வழங்குவது தற்செயல்தான். எனினும், இளமைப்பெயர் பற்றிய அந்நூற்பாக்களைத் தாவரவியல் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் திரும்பப் படிப்பது பயனுடையது.

'வாழையடி வாழை' என்னும் தொடரும் இங்கு நினைக்கத்தக்கது. தலைமுறை அறாமல் தழைக்கும் குடியை வாழ்த்த இது பயன்படுகிறது. உயிரியல் நோக்கில் வாழையடியில் வருவது மகவன்று. தாயின் உடலே மீண்டும் எழுகிறது. அங்குத் தலைமுறை மாறுவதில்லை. தொடர்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை இல்லை. மரபுக் கலப்புக்கு இதைவிடப் பொருந்தாத உவமையும் இல்லை.

பன்மையை எண்ணும் முறை

ஒரு தாவரத் திரளில் எத்தனை விதைத்தனியன்கள் உள்ளன என்பதைக் கண்ணால் அறிய இயலாது. நிலத்தைத் தோண்டி இணைப்பைத் தேடினாலும் போதாது. இணைப்புத் தண்டு சில ஆண்டுகளில் மட்கி அறுந்துவிடும். எனவே ஒவ்வொரு தண்டிலிருந்தும் இலைத் துணுக்கு எடுத்து, டிஎன்ஏ-யின் குறிப்பிட்ட இடங்களில் உள்ள வேறுபாடுகளை ஒப்பிடுகின்றனர். எல்லா இடங்களிலும் ஒத்திருப்பவை ஒரே விதைத்தனியன் எனக் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஓடைக்கரையில் 40 தண்டுகள் ஆராயப்பட்டு 9 மரபுவகைகள் கிடைப்பதாகக் கொள்வோம். இரு எண்களிலிருந்தும் ஒன்றைக் கழித்து வகுத்தால், 8-ஐ 39-ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.21 வரும். வேறொரு சரிவில் அதே 40 தண்டுகளில் 30 மரபுவகைகள் இருப்பின் அளவு 0.74 ஆகும். எல்லாம் ஒரே குளோனாயின் சுழியம். எல்லாம் தனித்தனியாயின் ஒன்று. ஒன்றைக் கழிப்பது ஏன் என்னும் ஐயம் எழலாம். ஒரே குளோனால் ஆன திரளுக்குச் சுழியம் என்னும் மதிப்பு கிடைக்கவேண்டும் என்பதே காரணம்.

குளோனாகப் பெருகும் தாவரங்கள் மரபில் வறியவை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. எல்ஸ்ட்ராண்டும் ரூஸும் 1987-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது வேறொரு சித்திரம் கிடைத்தது. பெரும்பாலான திரள்களில் பல குளோன்கள் கலந்திருந்தன. பெரும்பாலான குளோன்கள் ஓரிரு திரள்களுக்கு வெளியே காணப்படவில்லை. அமெரிக்காவின் யூட்டாவில் ஏறத்தாழ 43 ஹெக்டேரில் 'பாண்டோ' என்னும் பெயருடன் நிற்கும் ஒற்றை நடுங்கு பாப்ளார் போன்றவை புகழ்பெற்றவை. ஆனால் அவை விதிவிலக்குகள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மரபணு மாற்றுருக்களின் பன்மை வேறு. மரபுவகைகளின் பன்மை வேறு. பலூவும் உடன் ஆய்ந்தோரும் 2003-இல் கோட்பாட்டு அளவில் காட்டியபடி, முழுமையாகக் குளோனாகவே பெருகும் இருமய உயிரிகளில் ஒவ்வொரு மரபணு இடத்திலும் மாற்றுருக்கள் நன்கு காக்கப்படுகின்றன, மரபுவகைகளோ குறைகின்றன. ஆயினும் சிறிதளவு பால்வழிப் பெருக்கம் இருந்தாலே அத்திரள் மரபியல் நோக்கில் விதைவழிப் பெருகும் திரளைப் போலத் தோன்றத் தொடங்கிவிடும். அரிய நிகழ்வு பெரிய விளைவைத் தருகிறது. ஏலத்தைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் இதுவே திறவுகோல்.

குளோன் என்பது மாறாத நகல் என்பதும் முழு உண்மையன்று. மொட்டில் தோன்றும் சடுதிமாற்றம் அதிலிருந்து கிளைக்கும் தண்டுகளுக்குச் செல்லும். செவ்வாழைத் தோட்டத்தில் திடீரெனப் பச்சைத் தண்டும் பச்சைக் காயுமாக ஒரு மரம் எழுவது தென்மாவட்ட உழவர் அறிந்ததே. காட்டிலும் இது நிகழும். ஆனால் இருவேறு பெற்றோரின் மரபணுக்கள் கலக்கும்போது ஒரே தலைமுறையில் தோன்றும் வேறுபாட்டிற்கு இது ஈடாகாது.

காட்டு ஏலத்தின் இரு வாழ்க்கை

எலெட்டேரியா கார்டமோமம் எனப்படும் ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. ஈரப் பசுமைமாறாக் காடுகளின் நிழலில், ஓடையோர மட்கு மண்ணில் இது தூர்களாக வளரும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளுக்கு மேலே விரியும் ஏலமலை இச்செடியாலேயே பெயர் பெற்றது. போடிநாயக்கனூர் அதன் சந்தையால் பெயர் பெற்றது. பள்ளத்தாக்கின் மறுபுறத்தில் உள்ள மேகமலைக் காடுகள் 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயின. இரு மலைகளுக்கும் இடையே வறண்ட தாழ்நிலம் கிடக்கிறது. முகட்டுக் காடுகளுக்கே உரிய செடிகளுக்கு அது கடத்தற்கரிய இடைவெளி.

ஏலத்தின் நிலத்தண்டிலிருந்து இலைத்தண்டுகள் எழுகின்றன. ஒவ்வோர் இலைத்தண்டும் சில ஆண்டுகளே வாழும்; தூரோ புதிய தண்டுகளைப் பக்கத்தில் எழுப்பிக்கொண்டு நெடுங்காலம் நிற்கும். பூச்சரம் இலைத்தண்டின் உச்சியில் தோன்றாமல் அடியில், மண்ணை ஒட்டித் தோன்றுகிறது. வெண்ணிற மலரின் உதட்டில் ஊதாக் கோடுகள் இருக்கும். மலரின் வாழ்நாள் ஒரு பகல். தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்க்கும் இயல்பு இதற்கு உண்டு. ஆயினும் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கப் பூச்சி வேண்டும்.

குளோன் வளர்ச்சியில் இருவகை உத்திகள் கூறப்படுகின்றன. அருகம்புல் நீண்ட ஓடுதண்டுகளை எல்லாப் பக்கமும் அனுப்பி அயல் செடிகளிடையே புகும். ஏலமும் பெரும்பாலான மூங்கிலும் தண்டுகளை நெருக்கமாக எழுப்பி அணிவகுப்புப் போல் முன்னேறும். இவ்வேறுபாட்டின் விளைவு வெறும் வடிவத்தோடு முடிவதில்லை. நெருங்கிய தூரில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குச் செல்லும் தேனீ பெரும்பாலும் அதே விதைத்தனியனுக்குள்ளேயே சுற்றுகிறது. தூர் பெரிதாகப் பெரிதாகத் தன்மகரந்தச் சேர்க்கையின் பங்கு கூடும். எனவே காய் நிறையப் பிடித்திருப்பது கலப்பு நடந்ததற்குச் சான்றாகாது.

குரியாகோஸ், சினு, சிவண்ணா ஆகியோர் 2009-இல் 'அன்னல்ஸ் ஆஃப் பாட்டனி' இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கு முதன்மையானது. காட்டு ஏலத்தையும் தோட்ட ஏலத்தையும் ஒப்பிட்ட அவர்கள், தோட்டச் செடிகள் தண்டுகளிலும் பூக்களிலும் பெரிதும் மிகுந்திருப்பதைக் கண்டனர். அதைவிடக் கருதத்தக்கது மகரந்தச் சேர்ப்பிகளின் மாற்றம். காட்டில் மெகாகைல், அமெகில்லா ஆகிய தனித்து வாழும் தேனீக்கள் பூக்களை நாடின. தோட்டத்தில் மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ ஆகிய கூட்டுவாழ் தேனீக்கள் அவ்விடத்தைப் பிடித்திருந்தன. காட்டுச் செடிக்கும் தோட்டச் செடிக்கும் இடையே இனப்பெருக்கத் தடை எதுவும் இல்லை என்பதும் அவர்களின் முடிவு.

காட்டில் சில பூக்களோடு அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் தூர்களுக்கிடையே மகரந்தத்தைச் சுமப்பவை இத்தனித்தேனீக்களே. இவை மண்ணிலும் பட்டமரப் பொந்துகளிலும் கூடு கட்டுபவை. காட்டின் கீழ்த்தளம் அழிக்கப்பட்டால் பெட்டி வைத்து ஈடுசெய்ய இயலாதவை.

நோய் காட்டும் பாடம்

மரபியல் பன்மை என்பதன் நடைமுறைப் பொருளைக் கட்டே நோய் தெளிவாக்குகிறது. கன்னட வழக்கிலிருந்து வந்த இப்பெயர் ஏலத்தின் தேமல் நோயைக் குறிக்கும். நச்சுயிரியால் உண்டாகும் இந்நோயில், இலையில் நரம்புக்கு இணையாக வெளிறிய கோடுகள் தோன்றித் தூர் ஆண்டுக்காண்டு சிறுத்து விளைவற்றுப்போகும். அசுவினி அதனைச் செடிக்குச் செடி கொண்டுசெல்கிறது. நோயுற்ற தூரைப் பிரித்து நடும் மனிதர் அதனை மலைக்கு மலை கொண்டுசெல்கின்றனர். விதைவழியாக அது பரவுவதில்லை. குளோன் தொடர்ச்சி நல்லதையும் தீயதையும் ஒருங்கே சுமக்கிறது. விதை நச்சுயிரியைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது.

வாழைக்கும் இதே கதைதான். முடிக்கொத்து நோயும் அசுவினியாலும் கன்றாலும் பரவுவது. கீழ்ப் பழனிமலையின் விருப்பாச்சி வாழை அந்நோயால் பெருமளவு அழிந்து, பின்னர் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளால் ஓரளவு மீட்கப்பட்டது. ஆனால் விதையற்ற வாழைக்குக் கலப்பின் வழி அடைபட்டது. ஏலத்துக்கு அது திறந்திருக்கிறது.

கட்டே நோய் பரவி அழிந்த தோட்டங்களில் சில தூர்கள் மட்டும் நோயின்றி நின்றன. ஆய்வாளர்கள் அவற்றைத் தேடித் திரட்டி, 'இயற்கையில் கட்டேயிலிருந்து தப்பியவை' என்று பெயரிட்டுச் சோதித்தனர். கோழிக்கோட்டு இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட விஜேதா என்னும் எதிர்ப்புவகை இவ்வழியில் வந்ததே. நாற்றுகளாலும் நடப்பட்ட, மரபில் கலவையான பழைய தோட்டங்கள் இருந்ததால்தான் தப்பிய தூர்களும் இருந்தன. ஒரே குளோன் நிறைந்த தோட்டத்தில் ஒன்று வீழ்ந்தால் எல்லாம் வீழும். தப்புவதற்கு அங்கு வேறொன்று இருப்பதில்லை.

1990-களிலிருந்து ஏலமலை அத்தகைய நிலையை நோக்கி நகர்ந்துள்ளது. இடுக்கி மாவட்ட உழவர் ஒருவரின் தேர்வில் உருவான ஞள்ளானி, மிகு விளைவால் பழைய மலபார், மைசூர், வழுக்கை வகைகளைத் தோட்டங்களிலிருந்து பெரிதும் வெளியேற்றியது. அது நாற்றால் நடப்படுவதில்லை. தூரைப் பிரித்தே நடப்படுகிறது. உழவரைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. விளைவும் விலையும் தருவதை நடுவது இயல்பு. ஆனால் தோட்டம் ஒருமைப்பட ஒருமைப்பட, பன்மையின் சேமிப்பிடமாகக் காடு ஒன்றே எஞ்சுகிறது. அச்சேமிப்பு எவ்வளவு என்பதைத் தூர்களை எண்ணி அறிய முடியாது என்பதே இடர்ப்பாடு.

காட்டின் திறப்புகளும் நாற்றுகளும்

முதிர்ந்த காட்டின் அடர்நிழலில் ஏல நாற்று எளிதில் நிலைகொள்வதில்லை. விதையுறை கடினமானது, முளைப்பு மெதுவானது. பெருமரம் சாய்ந்து ஒளி விழும் இடத்தில் நிலைமை மாறுகிறது. குடகுப் பகுதியில் 'மலெ' முறை எனப் பதிவான பழைய சாகுபடி இவ்வறிவையே அடிப்படையாகக் கொண்டது. காட்டில் ஓரிடத்தின் புதர்களை நீக்கி ஒரு பெருமரத்தை வீழ்த்துவர். மண் கிளறப்பட்டு ஒளி பட்டதும், விதைக்காமலே ஏல நாற்றுகள் எழும். மண்ணுக்குள் விதை காத்திருக்கிறது என்பதை அக்கால மலைவாழ் உழவர் அறிந்திருந்தனர்.

குளோன் தாவரங்களின் நாற்றுத் தோற்றத்தை எரிக்சன் 1989-இல் இருவகையாகப் பகுத்தார். சில இனங்களில் நாற்றுகள் ஒரு திரளின் தொடக்கத்தில் மட்டும் தோன்றும். பின்னர்க் குளோன்கள் ஒன்றையொன்று நெருக்க, எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். வேறு சிலவற்றில் நாற்றுகள் மீண்டும் மீண்டும் சேரும். காட்டு ஏலம் இரண்டாம் வகையை நெருங்குவது, மரங்கள் இயல்பாகச் சாய்ந்து திறப்புகள் தோன்றும் காடுகளில் மட்டுமே. சிதறுண்ட காட்டுத் துண்டுகளில் தென்மேற்குப் பருவக்காற்று மரத்தைச் சாய்க்கும். ஆனால் அத்திறப்பை உண்ணிச்செடி போன்ற அயல் தாவரங்கள் முதலில் பிடித்துவிடக்கூடும். அப்போது பழைய தூர்கள் பல பத்தாண்டுகள் பசுமையாகவே நிற்கும். காட்டின் தோற்றத்தில் குறை தெரியாது. புதிய விதைத்தனியன் மட்டும் ஒன்றும் சேர்ந்திராது.

கொழுக்குமலைச் சரிவின் நீலக்குறிஞ்சியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 12 ஆண்டுக்கு ஒருமுறை, அண்மையில் 2006, 2018 ஆகிய ஆண்டுகளில், அது திரளாகப் பூத்துக் காய்த்து மடிந்தது. அடுத்த தலைமுறை முழுவதும் விதையிலிருந்து வந்தது. குறிஞ்சியின் தோல்வி ஒரே பருவத்தில் யாவர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். ஏலத்தின் தோல்வியைத் தூர்கள் மறைத்துவிடும்.

தோட்டத்திலிருந்து காட்டுக்கு

தோட்ட ஏலத்திற்கும் காட்டு ஏலத்திற்கும் இனப்பெருக்கத் தடை இல்லை என்பதன் மறுபக்கம் மகரந்தப் படையெடுப்பு. காட்டோரத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான தூர்கள் ஒரே மரபுவகையின் பூக்களைத் தாங்கி நிற்க, அருகில் உள்ள காட்டுத் தூருக்கு வந்துசேரும் மகரந்தம் அவ்வகையினதாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. அவ்வாறு தோன்றும் நாற்று புதிய விதைத்தனியன்தான். ஆனால் அதன் தந்தை எங்கும் ஒன்றே. மரபுவகைக் கணக்கு உயர்ந்து, மாற்றுருக் கணக்கு தாழும் நிலை இது. மேலே கூறிய இருவகைப் பன்மைகளையும் தனித்தனியே அளக்கவேண்டிய தேவை இங்குத் தெளிவாகிறது.

ஏலத்தின் காட்டு உறவினங்களைப் பற்றிய அறிவே அண்மையில்தான் விரிந்தது. ஒரே இனமாக இந்தியாவில் கருதப்பட்டுவந்த இப்பேரினத்தில் மேலும் ஆறு இனங்களை 2024-இல் வகைப்பாட்டியலார் சேர்த்தனர். அவற்றுள் புதிதாக விவரிக்கப்பட்ட எலெட்டேரியா ஃபேசிஃபெரா, கம்பம் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பை ஒட்டிய பெரியாறு புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. பெயரே இல்லாமல் இருந்த ஒன்றின் மரபியல் பன்மையைப் பற்றி யாரும் கேட்டிருக்க முடியாது.

இவ்விரு மலைகளிலும் ஆய்வு மேற்கொள்வோர் மாதிரி எடுக்கும் முறையில் சில விழிப்புகள் தேவை. தண்டுகளுக்கிடையே ஒரு தூரின் அகலத்தினும் கூடுதலான இடைவெளி வேண்டும். இல்லையேல் ஒரே உயிர் பலமுறை எண்ணப்படும். குளோனின் எல்லையை அறிய விரும்பினால், மாறாக, சில தூர்களில் ஒவ்வொரு தண்டையும் எடுக்கவேண்டும். நாற்றுகளை முதிர்ந்த தூர்களோடு கலக்காமல் தனிப் பட்டியலில் வைத்தால்தான், பழைய பன்மை எது, புதிதாகச் சேர்வது எது என்று பிரித்தறிய இயலும். அருகிலுள்ள தோட்டத்தின் தொலைவு ஒவ்வொரு மாதிரிக்கும் பதியப்படவேண்டும். ஏலமலையின் திரளையும் மேகமலையின் திரளையும் ஒரே கணக்கில் சேர்ப்பது தாழ்நிலம் செய்த பிரிவை மறைத்துவிடும்.

அழிந்த காட்டுப் பகுதிகளில் ஏலத்தை மீண்டும் நடும்போதும் இதே வினா எழும். பெரிய தூர் ஒன்றைப் பிரித்து நூறு குழிகளில் நடுவது எளிது, மலிவு. அடுத்த ஆண்டே நூறு தூர்கள் எனக் கணக்குக் காட்டலாம். பல தூர்களிலிருந்து, அதே மலையின் வெவ்வேறு ஓடைக்கரைகளிலிருந்து, காய் சேர்த்து நாற்று வளர்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாகும். நாற்றுகள் பல மடியவும் கூடும். எஞ்சும் ஒவ்வொன்றும் தனி விதைத்தனியனாக இருக்கும்.